மாமனார் நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைப்பது விசிலக்காவின் பொறுப்பு. பிழிந்து கொடியில் போடுவது அவள் கணவருடையது. அவரும் உயரம், கொடியும் உயரம். மற்ற வீடுகளில் சட்டையும் துண்டும் காய்கிற நேரத்தில் இவர்கள் பால்கனியில் கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்குமான சிவப்பு ஓவரால்கள் வரிசையாகத் தொங்கும். அவள் வேலை பார்க்கிற கார்ப் பந்தய அணியின் உடுப்பு, தீப்பிடிக்காத துணி. வெளுப்பு மருந்து ஆகாது, வாசனைத் திரவம் ஆகாது, உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் அலச வேண்டும். ஒரு தடவை சலவைக் கடையில் கொடுத்து, அவன் எல்லாவற்றுக்கும் மொடமொடவென்று கஞ்சி போட்டுக் கொடுத்து, சக்கரம் மாற்றுகிற ஆட்கள் மண்டியிட முடியாமல் பொம்மை மாதிரி நின்றார்கள். அன்றிலிருந்து துவைப்பது வீட்டில்தான்.

கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம். பிழிந்த ஓவராலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“முழங்கால்ல கருப்பு, சரி. தரையில மண்டி போடுறாங்க. இடது தோள்ல மட்டும் எப்படிச் சுண்ணாம்பு வருது? உன் ஆளுங்க வண்டிக்கு டயர் மாத்துறாங்களா, சுவருக்கு வெள்ளை அடிக்கிறாங்களா?”

“அது மாமனார் வேலை.”

“எங்கப்பா போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு. இன்னும் அவர் மேலயே பழியைப் போடு.”

“உங்கப்பாவைச் சொல்லல. ஷெட்ல நிக்கிறவரைச் சொன்னேன்.”

அவருக்கும் அது தெரியும். வாரா வாரம் கேட்பதும் வாரா வாரம் இதே பதில் வருவதும் அவர்கள் வீட்டில் காப்பிக்கு முந்தைய சடங்கு.

விசிலக்கா என்பது பஸ் டிப்போ கொடுத்த பெயர். இருபத்து மூன்று வயதில் டிக்கெட் கட்டுகளை எண்ணிக் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் அவள். ஒருநாள் பின்னுக்கு வருகிற பஸ்ஸுக்கு வழி சொல்லுகிற ஆள் லீவு. ஒரு பஸ் ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்தது. பின்னால் தண்ணீர்த் தொட்டி. இவள் ஜன்னலிலிருந்து கத்திப் பார்த்தாள், கேட்கவில்லை. இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு விசில் அடித்தாள். அந்த பஸ் நின்றது. அது மட்டுமா, டிப்போவில் ஓடிக்கொண்டிருந்த எல்லா பஸ்ஸும் நின்றது. கேன்டீனில் டீ ஆற்றியவனும் கையைத் தூக்கியபடி நின்றான். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, “இந்த வேலையையே பாக்குறியாம்மா?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு டிப்போவை ஊருக்கு வெளியே மாற்றும் வரைக்கும் அவள்தான். கையில் ஓர் உலோக விசில், காலில் கான்வாஸ் ஷூ. அவள் பார்வையில் எந்த பஸ்ஸும் எந்தச் சுவரையும் தொட்டது கிடையாது. மேனேஜரின் ஸ்கூட்டரை ஒன்று தொட்டது உண்மை. அதை அங்கே நிறுத்தாதீர்கள் என்று முதல்நாளே சொல்லியிருந்தாள்.

டிப்போ போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தாள். அந்த ஒரு வருடம் அந்த வீட்டில் விசில் அடித்தது குக்கர் மட்டும்தான். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினாள், பிறகு நிறவாரியாக மாற்றினாள். அதுவும் முடிந்ததும் கணவரின் கடைக்குப் போனாள். கண்ணாடிச் சட்டங்களை அடுக்கியதோடு நில்லாமல் வந்தவர்களையும் வரிசையில் நிற்க வைத்தாள். மூன்றாம் நாள் கணவர் தன் மைத்துனனுக்குப் போன் செய்தார்.

“மச்சான், உங்க அக்காவுக்கு ஒரு வேலை குடு. முடியாதுன்னா என்னையாவது எங்கயாவது கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோ.”

“நானே கேக்கலாம்னு இருந்தேன் மாமா,” என்றான் தம்பி.

தம்பி சின்ன வயதில் கார்ப் பந்தயம் ஓட்டியவன். இடுப்பு எலும்பு ஒருதரம் முறிந்ததும் ஓட்டுவதை விட்டுவிட்டு, ஓட்டுகிறவர்களை வைத்துச் சின்னச் சின்னப் பந்தயங்களில் ஓர் அணி நடத்திவந்தான். காலியாகக் கிடந்த பழைய டிப்போவின் பழுதுபார்க்கும் ஷெட்டைத்தான் பிடித்திருந்தான். வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பழைய டிப்போ மெக்கானிக்குகள். அவன் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள். விசிலக்கா சொன்னால் தலையாட்டாமலே செய்வார்கள். சக்கரம் மாற்றி முடிந்ததும் வண்டிக்கு முன்னால் நின்று கை காட்டிக் கிளப்புவதும் அவள்தான்.

ஷெட்டின் நடுவில், கூரையைத் தாங்கிக்கொண்டு, வெள்ளையடித்த ஒரு தூண். வண்டியை எப்படி நிறுத்தினாலும் அதன் வலது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அசையாது, பேசாது, ஆனால் எல்லோரும் ஒதுங்கித்தான் போக வேண்டும். முப்பது வயதிலேயே தலை வழுக்கையாகிப்போனதால் ‘பெரியப்பா’ என்று பெயர் வாங்கிய டயர்க்காரன்தான் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்தான். புது டயரைக் கொண்டுவருகிற அவன் மாமனாரின் ஒரு பக்கமாக வருவான். கழற்றின டயரைக் கொண்டுபோகிறவன் மறுபக்கமாகப் போவான். இவனுக்கும் மாமனார் இடப்பக்கம், அவனுக்கும் இடப்பக்கம். இருவரும் தோளை உரசிக்கொண்டே திரும்புவார்கள். பார்க்கவே வேண்டியதில்லை. தோளில் சுண்ணாம்பு பட்டால் திரும்பு, அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. உலகமே பார்க்கிற பெரிய பந்தயத் தொடரில் பத்து அணிகள் வருடக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தன. பதினோராவதாக ஒரு நாற்காலி போடப் போகிறார்களாம். மனுப் போட்ட மற்றவர்களுக்கெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள் இருந்தன. இவர்களுக்கு இருந்தது தகரக் கூரையும் மாமனாரும். இருந்தும் தம்பி இரண்டு வருடம் தலைகீழாக நின்று வண்டியைச் செய்தான். தேர்வுக் குழு வந்து வண்டியைப் பார்த்தது, ஷெட்டைப் பார்த்தது, கேள்வி மேல் கேள்வி கேட்டது. கடைசியில் இரண்டு அணிகள் மிஞ்சின. இரண்டும் பந்தயத் திடலுக்கு வந்து ஒரு முழுநாள் ஓடிக் காட்ட வேண்டும், நடுவில் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரத்தையும் மாற்றிக் காட்ட வேண்டும். அதில் எது உருப்படியோ அதற்கு இடம்.

“இது கிடைக்கலேன்னா நான் ஷெட்டை மூடிடுவேன்க்கா,” என்றான் தம்பி. “வேற டீம்ல வேலைக்குக் கூப்பிடுறாங்க. போயிடுவேன். இன்னொரு தரம் இதை இழுக்க எனக்குத் தெம்பில்ல.”

விசிலக்கா சரி என்றாள். வீட்டுக்கு வந்ததும் குக்கரை எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

திடலுக்கு ஒருநாள் முன்னதாகவே போய்விட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டுக் கணவரும் வந்திருந்தார். ‘சும்மா வேடிக்கை பார்க்க’ என்றார். கையில் சோப்பும் கிளிப்புப் பெட்டியும் இருந்தன. திடலில் வண்டி நிறுத்துகிற இடம் கல்யாண மண்டபம் மாதிரி அகலமாக, வழுவழுவென்று, துளித் தடையில்லாமல் விரிந்து கிடந்தது. இத்தனை இடமா என்று மெக்கானிக்குகள் வாயைப் பிளந்தார்கள். அவர்கள் இதுவரை ஓடிய சின்னப் பந்தயங்களில் நடுவே சக்கரம் மாற்றுகிற வேலையே கிடையாது. அவர்கள் மாற்றிப் பழகியதெல்லாம் ஷெட்டுக்குள்தான்.

முதல் ஒத்திகையில் வண்டி வந்து நின்றது. இடப்பக்கத்து ஆட்கள் கச்சிதமாக முடித்துவிட்டு எழுந்தார்கள். வலது பின்பக்கத்தில், டயரைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியப்பா என்னவோ நினைத்துக்கொண்டவன் போல நடுவழியில் ஒரு வளைவு வளைந்தான். பழைய டயரைக் கொண்டுபோனவன் எதிரில் இன்னொரு வளைவு வளைந்தான். இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி மோதி உட்கார்ந்தார்கள். டயர் தன்பாட்டுக்கு உருண்டுபோய் வேலியில் சாய்ந்தது.

“நாளைக்கு வேலியா வந்து டயர் மாட்டும்?” என்று கத்தினான் தம்பி.

இரண்டாவது தடவை மோதவில்லை. ஆனால் இருவரும் எதிரெதிரே நின்று, நீ போ நான் போ என்று கதவருகில் விருந்தாளிகள் உபசரித்துக்கொள்வதைப் போலத் தயங்கினார்கள். மூன்றாவது தடவை பெரியப்பா வேகமாக வந்து வண்டியையே தாண்டிப் போய்விட்டான். ஓட்டுநர் பெண் வண்டிக்குள்ளிருந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தாள். எதற்கும் சத்தம் காட்டாதவள் என்பதால் அவளைப் பூனை என்பார்கள். பூனையே அன்று, “என்னண்ணே இது,” என்று முனகினாள்.

“பயம்,” என்றான் தம்பி, விசிலக்காவிடம் தனியாக. “பெரிய இடத்தைப் பார்த்து மிரண்டுட்டானுங்க. எல்லாம் போச்சுக்கா.”

அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவன் கை நடுங்கும். இவர்கள் கை நடுங்கவில்லை. கால்தான் என்னவோ செய்தது. என்னவென்று அவளுக்கும் பிடிபடவில்லை.

சாயங்காலம் விடுதி அறையில், வாளியில் தண்ணீர் பிடித்து ஓவரால்களை முக்கினாள். நாளைக்கு வருகிறவர்கள் முன்னால் அழுக்கோடு நிற்க வேண்டாம். தோற்பதானாலும் துவைத்த துணியில் தோற்கலாம். பெரியப்பாவின் ஓவராலை எடுத்து முழங்காலைத் தேய்த்தாள். கை பழக்கத்தில் இடது தோளுக்குப் போய், தேய்க்கப் பிரஷ்ஷை வைத்தது.

தோள் சுத்தமாக இருந்தது.

மற்றவனுடையதை எடுத்துப் பார்த்தாள். அதுவும் சுத்தம். ஓவராலை வாளியில் போட்டுவிட்டு, சோப்பு நுரைக் கையோடு எழுந்து நின்றாள்.

“என்னாச்சு?” என்றார் கணவர், கிளிப்பை வாயில் கவ்வியபடி.

“மாமனாரைக் கூட்டிட்டு வரலைங்க.”

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாயிலிருந்த கிளிப் கீழே விழுந்தது.

விடுதிக்குப் பின்னால் கார் நிறுத்துகிற முற்றத்தில் எல்லோரையும் கூட்டினாள். நல்ல வெளிச்சம் இன்னும் இருந்தது. இல்லாத தூணைச் சுற்றி வந்திருக்கிறோம் என்று கேட்டதும் மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா நெற்றியில் புடைத்திருந்த இடத்தைத் தடவினான்.

“அப்ப இனிமே நேரா வர்றோம்க்கா. தெரிஞ்சு போச்சுல்ல.”

“வந்து காட்டு.”

வந்தான். வளைந்தான். மறுபடி வந்தான், மறுபடி வளைந்தான். இரண்டு வருடத்துப் பழக்கத்தைக் கால் ஒரு சாயங்காலத்தில் மறக்கிறதாக இல்லை.

“தூணை எங்க போய்த் தேடுறது?” என்று தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். “ஒரு டிரம் வைக்கலாம்னா, ஆளையும் கருவியையும் தவிர வேற எதுவும் கோட்டுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு விதி.”

“ஆள் இருக்கலாம்ல?” என்றாள் விசிலக்கா.

கணவரைக் கூப்பிட்டு, வண்டி நிற்பதாக வைத்துக்கொண்ட இடத்தில் நிறுத்தினாள். “நீங்கதான் வலது பின் சக்கரம். அசையாதீங்க.” அவரும் கௌரவமாக அசையாமல் நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டே இவள் பின்னால் நகர்ந்தாள், ஒரு பக்கம் ஒதுங்கினாள். தினமும் அந்தத் தூணுக்கு எதிரில் நின்றே பொழுது போக்கியவள். அது நிற்கிற இடம் அவளுக்குத் தன் வீட்டு சுவிட்ச்சைப் போல. நின்றாள். காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

“இப்ப வா. என்னை உரசிட்டுத் திரும்பு.”

பெரியப்பா டயரோடு வந்தான். அவளுக்கு ஒரு முழம் தள்ளி, பவ்வியமாகச் சுற்றிப் போனான். எதிரே வந்தவனை நேராகப் போய் இடித்தான்.

“ஏன்டா, நான் என்ன கோயிலா, சுத்திட்டுப் போற?”

“உங்களை எப்படிக்கா இடிக்கிறது?”

“மாமனாரை இடிச்சப்ப இந்த மரியாதை எங்க போயிருந்துச்சு?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி வந்தான். இந்தத் தடவை தோள் பட்டது. பட்டதும் கால் தானாகத் திரும்பியது. எதிரே போனவனின் தோள் அவளுடைய இன்னொரு தோளில் பட்டது, அவனும் திரும்பினான். கடிகாரத்துக்குள் இரண்டு சக்கரம் சுற்றுவதைப் போல இருந்தது. தம்பி எழுந்து நின்றான்.

“ஆனா நீ இங்க நின்னா வண்டியைக் கிளப்ப யாருக்கா கை காட்டுறது? நீ எப்பவும் முன்னாடியில்ல நிப்ப?”

விசிலக்கா பூனையைப் பார்த்தாள். “வலது பக்கக் கண்ணாடியில நான் தெரிவேன்மா. என் கை மேல இருக்கிற வரைக்கும் நீ சிலை. கை கீழ வந்தா பற. பஸ் டிரைவருங்க எல்லாம் என்னை அப்படித்தான் பாப்பாங்க.”

“சரிக்கா,” என்றாள் பூனை. அவளைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

மறுநாள் தேர்வுக் குழு வந்தது. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட அம்மாள்தான் தலைவி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர். காலையிலிருந்து எதைப் பார்த்தாலும் கொட்டாவி விட்டார். போட்டி அணி முதலில் வந்தது. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, ஒரு சத்தமில்லை. சக்கரம் மாற்றியது, போனது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்புக் கண்ணாடிக்காரர் அதற்கும் ஒரு கொட்டாவி விட்டார்.

அடுத்தது இவர்கள். விசிலக்கா தன் இடத்துக்குப் போனாள். ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். கணவர் வேலிக்கு அந்தப் பக்கம், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கண்ணாடியையே துடைத்தார்.

வண்டி இரைந்துகொண்டு உள்ளே வந்தது. கோட்டில் நின்றது. அவள் கை மேலே போனது. ஜாக்கி ஏறியது, நான்கு மூலையிலும் கழற்றுகிற கருவி அலறியது. வலது தோளில் ஓர் இடி விழுந்தது, அது பெரியப்பா. இடது தோளில் இன்னொன்று. மாமனார் இத்தனை நாள் இதைத்தானா வாங்கிக்கொண்டு நின்றார் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. கால் நகரவில்லை. வலது பின், வலது முன், இடது முன், இடது பின். முடிந்தது என்று நான்கு கையும் உயர்ந்ததைப் பார்த்தாள். ஜாக்கி இறங்கியது. சின்னக் கண்ணாடிக்குள் பூனையின் கண்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கை கீழே வந்தது. வண்டி இருந்த இடத்தில் புகையும் ரப்பர் வாடையும்தான் மிச்சம்.

கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒரு கொட்டாவியைத் தொடங்கியிருந்தார். அதை முடிக்காமல் வாயை மூடினார். தலைவி தன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், அவருடையதை வாங்கிப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை செய்ய முடியுமா?”

“எத்தனை தடவை வேணும்னாலும்,” என்றான் தம்பி. குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

இன்னொரு தடவை செய்தார்கள். முதல் தடவையைவிட நன்றாக வந்தது. பிறகு தலைவி நேரே விசிலக்காவிடம் நடந்து வந்தாள்.

“எல்லா டீம்லயும் கை காட்டுறவங்க முன்னாடி நிப்பாங்க. நீங்க ஏன் வழியில நிக்கிறீங்க? உங்களை ரெண்டு பேர் இடிச்சிட்டுப் போறாங்க, நீங்க ஒண்ணும் சொல்லல.”

தம்பி அவசரமாக ஏதோ சொல்ல வந்தான். விசிலக்கா முந்திக்கொண்டாள்.

“எங்க ஷெட்ல இந்த இடத்துல ஒரு தூண் இருக்குங்க. அதைச் சுத்தியே பழகிட்டாங்க. நேத்து வந்து பாத்தா இங்க தூண் இல்ல. அதான் நான் நிக்கிறேன்.”

“இது எப்பத் தெரிஞ்சுது?”

“நேத்து சாயங்காலம். துணி துவைக்கிறப்ப.”

தலைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் திரும்பி நடந்தாள். அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று தெரியாமல் தம்பி அடுத்த மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போன் வந்தது ஒரு மத்தியான நேரத்தில். தம்பி ஷெட்டில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் இரண்டும் சட்டென்று அசைவற்றுப் போயின. “ஆமாங்க,” என்றான். “சரிங்க,” என்றான். பெரியப்பா குனிந்து பார்த்தான்.

“அக்கா, இவர் அழுவுறாரு.”

“எந்த அழுகை?” என்றாள் விசிலக்கா.

“பல்லு தெரியுது.”

அவள் இரண்டு விரலை வாய்க்குள் விட்டாள். பல வருடத்துக்குப் பிறகு அந்தத் தகரக் கூரை அந்த விசிலைக் கேட்டது. தெருவில் போன பஸ் ஒன்று பிரேக் போட்டு நின்று, கண்டக்டர் இறங்கி வந்து என்ன என்று கேட்டார். பழைய ஆள்தான். கேட்டுவிட்டு அவரும் உள்ளே வந்து எல்லோருக்கும் கைகொடுத்தார். பயணிகளும் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமலே. பெரியப்பா மாமனாருக்கு அணியின் தொப்பியை மாட்டப் பார்த்தான். தலை எது என்று தெரியாமல் ஆணியில் தொங்கவிட்டான்.

“தூணை அப்படியே விட்டுடுவோம்க்கா,” என்றான் தம்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நமக்கு ராசி.”

“ராசியாவது ஒண்ணாவது. மேல ஒரு உத்தரம் குடுத்துட்டு இதை எடுத்துடு. பந்தயம் தொடங்க இன்னும் சில மாசம் இருக்கு. நேரா நடக்கப் பழகட்டும். வருஷம் பூரா இடி வாங்க எனக்கு என்ன தலையெழுத்தா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் புது ஓவரால்கள் தொங்கின. நெஞ்சில் பெரிய தொடரின் முத்திரை, முதுகில் அணியின் பெயர். மாடி வீட்டம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, “இனிமே எங்களையெல்லாம் தெரியுமா?” என்றாள். “நீங்க மேலேருந்து எங்க துணி மேல தண்ணி ஊத்துற வரைக்கும் மறக்க முடியாது,” என்று இவள் பதில் சொன்னாள். கணவர் கடைசி ஓவராலைத் தூக்கிப் பிடித்துத் தோளைப் பார்த்தார். தூணை எடுத்தாகிவிட்டது, சுண்ணாம்பு இல்லை. கேட்க ஒன்றும் இல்லாமல் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தோளில் மருந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடலில் வாங்கிய இடி இரண்டு பக்கமும் இன்னும் உள்ளுக்குள் வலித்தது. அவர் குப்பியை வாங்கி, எட்டாத இடத்தில் தானே தேய்த்துவிட்டார்.

“ஊர் ஊரா போகணும்ல?”

“ம்.”

“மாசக்கணக்குல.”

“ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊராம். நடுவுல வந்துட்டுப் போகலாம்னு தம்பி சொல்றான்.”

“உனக்கு வேலை குடுன்னு அவன்கிட்ட கேட்டதே நான்தான்,” என்றார் அவர்.

“நீங்கதான்.”

கீழே தெருவில் ஷெட்டின் வேன் வந்து நின்றது. ஷெட்டுக்கு இவளை அழைத்துப்போகப் பெரியப்பா வந்திருந்தான். குறுகலான தெரு, வேனைத் திருப்ப அவன் பின்னுக்கு எடுத்தான். இஞ்சின் முனகுகிற முனகலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் மின்கம்பத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். ஆணியிலிருந்த விசிலை எடுத்தாள்.

“கேக்குறேன்ல. நீ அங்க நின்னா, இங்க யாரு நிக்கிறது?” என்றார் கணவர், மருந்துக் குப்பியின் மூடியை விரலில் உருட்டியபடி.

வேன் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதைக் கையில் எடுத்தபடி அறையை விட்டு வெளியே போனாள்.